எட்டுக்கடி நட்சத்திரம்

1

எங்கள் வீட்டு மாதா படத்துக் கண்ணாடிக்குள் ஏழு வருஷமாக இருந்த பச்சைத் தாள் நட்சத்திரத்தில் இப்போது புதிதாக இரண்டு வட்ட ஓட்டைகள். நட்சத்திரம் நான் வெட்டியது. அந்த இரண்டு ஓட்டை மட்டும் என் கத்திரி போட்டதல்ல. கொழும்பில் ஓர் ஆபீசில், பைலில் கோக்க வேண்டும் என்று ஒரு பியூன் இரும்புக் கருவியை வைத்து ஒரே அமுக்காக அமுக்கிவிட்டான். நடு பார்த்துப் போட்டிருந்தாலாவது மனது ஆறியிருக்கும். ஒன்றை இதழின் நடுவிலும் மற்றொன்றை ஓரத்திலும் போட்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த நேரம் பார்த்து என் சித்தப்பா மகன் சூசை தூத்துக்குடியிலிருந்து கடிதம் போட்டிருக்கிறான். நம் தெருப் பையன்கள் சேர்ந்து கிறிஸ்துமஸ் மலர் போடுகிறார்களாம். ‘அக்கரைச் சீமை வாழ்வின் இனிமைகள்’ என்று நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இனிமையாம். அவனுக்கு நான் எழுதும் இனிமை இதுதான். அச்சில் போட்டால் போடட்டும், அடுப்பில் போட்டால் போடட்டும்.

இங்கே எங்களைப் போன்றவர்களுக்குப் புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. இத்தனை வருஷம் விடாமல் இந்த நாட்டில் குடியிருந்தேன் என்று காகிதம் காட்டினால் நான் இந்நாட்டுக் குடிமகன். காட்டாவிட்டால் வந்து தங்கியிருப்பவன். வந்து தங்கியிருப்பவனுக்குத் துறைமுகத்தில் வேலை இல்லை என்று எங்கள் மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பதினாறு வருஷமாக நான் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் குறி போடுகிறேன். வேறு தொழில் தெரியாது. தாள் வெட்டத் தெரியும், அதற்கு யாரும் சோறு போடமாட்டார்கள்.

மற்ற வருஷங்களுக்கெல்லாம் ஏதோ ஒரு காகிதம் தேறிவிட்டது. தேறாதது நாற்பத்திரண்டு ஒன்றுதான். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம் அது. நம்மூர்க்காரர்கள் கப்பலோ தோணியோ கிடைத்ததைப் பிடித்து ஊருக்கு ஓடினார்கள். ஓடாமல் நின்ற சிலரில் நான் ஒருவன். எல்லாரும் ஓடிய வருஷத்தில் நீ ஓடவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று இப்போது கேட்கிறார்கள். ஓடியவன் ஊரில் நிம்மதியாக மலர் போடுகிறான், நின்றவன் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்த ஒப்பந்தக்காரர் சண்டை முடிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்காரர் யாருக்கும் வாடகைச் சீட்டுக் கொடுத்துப் பழக்கமில்லாதவர். என் பெயர் எழுதிய காகிதம் என்று அந்த வருஷத்துக்கு இருந்தவை என் துறைமுகப் பாஸ்கள் மட்டும்தான். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டையும் நான் என் கையாலேயே நட்சத்திரமாக வெட்டிவிட்டேன்.

ஏன் வெட்டினாய் என்று ஆபீசில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நம் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீசில் அதற்கு நேரமில்லை. இங்கே சொல்லுகிறேன்.

2

நம் தெருக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் தெரு கடலைப் பார்த்த தெரு. தோணிக்காரர்கள், சங்கு குளிக்கிறவர்கள், வலைக்காரர்கள். என் அப்பா தோணிக்குப் பாய் வெட்டுகிறவர். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு ஒரு தாள் நட்சத்திரம் வெட்ட வேண்டும். சதுரத் தாளைப் பாதியாக மடித்து, அதைப் பாதியாக மடித்து, பிறகு மூலைக்கு மூலை மடித்தால் எட்டு அடுக்கு வரும். அதில் கத்திரி போட வேண்டும். பென்சில் கோடு கூடாது. மடிப்பில் வெட்டியது விரித்தால் வைரமாகத் திறக்கும். ஓரத்தில் வெட்டியது சுற்றிலும் எட்டு இடத்தில் வந்து நிற்கும். ஒரு வீட்டு நட்சத்திரம் மாதிரி இன்னொரு வீட்டில் இருக்காது. எங்கள் வீட்டுக்கு நடுவில் சின்ன வைரம் நாலு, அதைச் சுற்றிப் பெரிய வைரம் நாலு, ஓரத்தில் எட்டு இதழ். இதழ்களுக்கு நடுவில் தாள் நூல் அளவுக்கு மெலிந்து நிற்கும், ஆனால் அறாது. அந்த மெலிவில்தான் வேலை இருக்கிறது.

இதைத் தாளில் பார்த்து மெச்சுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. தெருவின் குறுக்கே கயிறு கட்டி, நாலு மூலையிலும் நூல் போட்டு, பந்தல் மாதிரி படுக்க வைத்துக் கட்டுவோம். கிறிஸ்துமஸ் அன்று உச்சி வெயிலில் மணலில் நிழல் விழும். அந்த நிழலைத்தான் பார்ப்பார்கள். தாளின் நிறம், மினுமினுப்பு, விலை எல்லாம் அங்கே செல்லாது. கறுப்பும் வெள்ளையுமாக மணலில் கிடக்கும், அவ்வளவுதான். புன்னைக்காயலிலிருந்துகூட நிழல் பார்க்க வருவார்கள். நன்றாக இருந்தால் ஒருவனும் வாய் திறக்கமாட்டான். சும்மா நின்று பார்த்துவிட்டு, மிதிக்காமல் ஒதுங்கிப் போவான். அந்த ஒதுங்கல்தான் எங்களுக்குக் கிடைக்கிற மெச்சல். தப்பு இருந்தால் தொலைந்தோம்.

மடித்து வெட்டும்போது ஒரு இடத்தில் கை தவறினால் விரிக்கும்போது அது எட்டு இடத்தில் நிற்கும், ஒளிக்க முடியாது. எங்கள் எதிர்வீட்டு இன்னாசி ஒரு வருஷம் அவசரத்தில் ஓரத்தில் கோணலாக ஒரு வெட்டு வெட்டிவிட்டார். நிழலில் எலி எட்டு இடத்தில் கடித்த மாதிரி விழுந்தது.

“ஏலே, இன்னாசி வீட்டு நச்சத்திரத்த எலி கடிச்சிட்டுல்லா.”

“ஒரு எலியா, எட்டு எலியா?”

அன்றிலிருந்து அவர் எட்டுக்கடி இன்னாசி. அவர் பெண்ணைக் கேட்டு வந்தவர்கள் எட்டுக்கடி வீடு எது என்று கேட்டுத்தான் வந்தார்கள். அவர் செத்தபோதுகூட, எட்டுக்கடி போயிட்டாராமே என்றுதான் துக்கம் விசாரித்தார்கள். நல்ல மனுஷன், எத்தனையோ பேரைக் கடலில் காப்பாற்றியவர். தெருவுக்கு அது ஞாபகமில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குக் கத்திரி பிடித்த கை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் இதுவரை ஒரு தப்பு வெட்டு வெட்டியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பயத்தில் வந்த பழக்கம்.

3

நாற்பத்திரண்டில் ஈஸ்டர் ஞாயிறு காலையில் குண்டு விழுந்தது. என் மனைவி தெரசம்மாள் மறுநாளே பெட்டி கட்டிவிட்டாள். அப்போது எங்கள் மகள் ரோசலினுக்கு ஐந்து வயது.

“ஊருக்குப் போயிருவோம். உசுரு இருந்தா உப்பளத்துலயாவது வேல பாத்துக்கிடலாம்.”

“போனா இந்த வேல நமக்குக் காத்துக்கிட்டு இருக்குமா? பேசாம இரு” என்றேன்.

பேசாமல் இருந்தாள். எங்கள் சந்தில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. கிறிஸ்துமஸ் வந்தபோது சந்தில் நாலு வீடுதான் மிச்சம். வெளியே விளக்கு வைக்கக் கூடாது. அரிசி கிடையாது. கடை கடையாக அலைந்தேன், கலர்த் தாள் என்று ஒரு துண்டு கொழும்பில் கிடைக்கவில்லை. நட்சத்திரம் இல்லாத கிறிஸ்துமஸா என்று எனக்கு ஒரே எரிச்சல். ஊரைவிட்டு வந்து எத்தனையோ விட்டாயிற்று, இதையும் விடுவதா என்று பிடிவாதம்.

அப்போதுதான் பாஸ்கள் கண்ணில் பட்டன. சண்டைக் காலத்தில் துறைமுகத்துக்குள் போக மாதம் ஒரு பாஸ் கொடுப்பார்கள். காவல்காரன் தூரத்திலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மாதத்துக்கு ஒரு நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம், ஊதா. மாதம் முடிந்ததும் முத்திரை குத்தி நம்மிடமே கொடுத்துவிடுவார்கள். அந்த டிசம்பர் பாஸுக்கு மட்டும் கிறிஸ்துமஸுக்கு முன்பே முத்திரை குத்திக் கொடுத்து, புதுப் பாஸ் தந்துவிட்டார்கள். ஒரு சாணுக்கு மேல் அகலம், நல்ல தடித்த தாள். செல்லாத பாஸை வைத்து என்ன செய்யப் போகிறோம். இதைவிட நல்ல கலர்த் தாள் எங்கே கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மதியம் உட்கார்ந்து பதினொன்றை வெட்டி முடித்தேன். கடைசியாக மே மாதத்துப் பச்சை. அதையும் வெட்டி, விரிக்காமல் பாயில் வைத்துவிட்டு, மரவள்ளி மாவில் பசை காய்ச்ச அடுப்படிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் ரோசலின் கத்திரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பச்சைத் தாளின் ஓரத்தில் கொக்கி மாதிரி கோணலாக ஒரு வெட்டு. விரித்தேன். எட்டுக்கடி.

கை ஓங்கி ஒன்று வைத்தேன். அழுதாள். அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவள் கத்திரியைத் தொட்டதில்லை.

நல்லதாக வந்த பதினொன்றையும் சந்தில் கட்டினேன். மழையும் உப்புக்காற்றும் சேர்ந்து ஒரு வாரத்தில் கூழாக்கிவிட்டன. கெட்டுப்போன பச்சையைக் கட்டவில்லை. கசக்கி எறியப் போனேன். தெரசம்மாள் கையிலிருந்து வாங்கி மாதா படத்துக் கண்ணாடிக்குள் செருகிவிட்டாள். அதனால் அது ஒன்றுதான் பிழைத்தது.

4

ரோசலினுக்கு இப்போது பன்னிரண்டு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம், சிங்களச் சிநேகிதிகள். நான் டாடி, அவள் அம்மா மம்மி. ஆச்சரியப்பட்டால் ‘அனே’ என்கிறாள். தமிழ் எழுதச் சொன்னால் எழுத்துக்கள் ஒன்றோடொன்று சண்டை போட்ட மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கிறவளை ‘ஏளா ரோசலி’ என்று பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இரண்டு முறை, மூன்று முறை. அந்த அலட்சியம்தான் எனக்குத் தாங்காது.

“தமிழ்ல கூப்பிட்டா காது கேக்காதோ ஒனக்கு? இங்கிலீசுல கூப்பிடணுமோ?”

“சாரி டாடி.”

இப்படி எத்தனையோ நாள். பிள்ளை கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரசம்மாளிடம் புலம்புவேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆனால் ஆபீசுக்கு அவளைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. என் இங்கிலீஷ் மூட்டைக்குக் குறி போடுகிற இங்கிலீஷ். அதிகாரி பேசுவது வேறு. மூன்று தடவை நான் தனியாகப் போய், தலையாட்டிவிட்டு, என்ன சொன்னார் என்று தெரியாமல் திரும்பினேன். நாலாம் தடவை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ரோசலின் வந்தாள். வேறு வழியில்லாமல் மாதா படத்தைக் கழற்றி, பச்சை நட்சத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போனோம்.

அதிகாரி வெள்ளை உடுப்புக்காரர், நல்ல மரியாதைக்காரர். அதுதான் இன்னும் எரிச்சல். திட்டினாலாவது திருப்பிக் கோபப்படலாம். நட்சத்திரத்தை இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்காம் டாடி” என்றாள் ரோசலின்.

“அழகு கிடக்கட்டும். பேரு தெரியுதான்னு கேளு.”

தெரிந்தது. என் பெயரில் முதல் மூன்று எழுத்தும் கடைசி எழுத்தும் இரண்டு வைரத்துக்கு இடையில் தப்பியிருந்தன. முத்திரையில் மே என்று மாதம் தெரிந்தது. வருஷம் மட்டும் இல்லை. பெரிய வைரம் ஒன்றுக்குள் போய்விட்டது. அந்த மாதிரிப் பாஸ் சண்டை முடியும்வரை கொடுத்தார்கள், இது எந்த வருஷத்து மே என்று அதிகாரி கேட்டார். நான் அந்த ஓட்டையைப் பார்த்தேன். எவ்வளவு சுத்தமான வெட்டு.

பிறகு அவர் ஓரத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். ரோசலின் தயங்கினாள்.

“இந்த மீன்தான் எல்லாத்தையும்விட நல்லாருக்காம்.”

“எந்த மீன்?”

எட்டுக்கடியைச் சொல்லியிருக்கிறார். மடித்து வெட்டியதால் ஒரு கடி இந்தப் பக்கம் பார்க்கும், அடுத்தது அந்தப் பக்கம் பார்க்கும். ஜோடி ஜோடியாக முகம் பார்த்து நிற்கும் நாலு ஜோடி மீன் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. என் உயிரைக் கொடுத்து வெட்டிய வைரம் எட்டு இருக்க, ஊரே காறித் துப்பும் தப்பைப் பிடித்துக்கொண்டு மெச்சுகிறார். இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது.

“நீரே வெட்டியதா? அப்படியானால் இங்கே ஒன்று வெட்டிக் காட்டும்” என்றார் அதிகாரி. இரண்டையும் வெட்டிய கை ஒன்றுதானா என்று பார்க்க வேண்டுமாம். மஞ்சள் நிற ஆபீஸ் தாள் ஒன்றும், பார்சல் கயிறு வெட்டுகிற மொட்டைக் கத்திரி ஒன்றும் வந்தன. மடித்தேன். வெட்டினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். விரித்தபோது ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சட்டமும் ஞாபகமில்லை, வேலையும் ஞாபகமில்லை. நம் தெரு மணலில் நிற்கிற மாதிரி இருந்தது.

அதிகாரி ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். வைரத்தில் வைரம் விழுந்தது. இதழில் இதழ் விழுந்தது.

“மீன் எங்கே?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே மாதிரி வெட்டச் சொன்னால் நான் தப்பை விட்டுவிட்டு வெட்டியிருக்கிறேன். வெட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஓரத்துக்கு வந்ததும் கை தானாகச் சுத்தமாகத் திரும்பிவிட்டது.

“அது மீனில்ல ஐயா, தப்பு” என்றேன் தமிழில்.

இரண்டும் ஒரே கை வெட்டியதல்ல என்று எழுதப் பேனாவை எடுத்தார் அதிகாரி. பச்சைத் தாளில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள், அது யார் என்று கேட்டார். ரோசலின்தான் பேசினாள். இங்கிலீஷில், நிறுத்தாமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவள் இடது காதைப் பார்த்தார்.

“என்ன சொன்ன அவருகிட்ட?”

“நான் வெட்டினதுன்னு சொன்னேன். அப்ப எனக்கு அஞ்சு வயசுன்னு சொன்னேன். நீங்க அடிச்சீங்கன்னு சொன்னேன். காதுல ரத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்னும் சொன்னேன்.” மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். “அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கான்னு கேக்காரு. மம்மியோட ஜெபப் புத்தகத்துல இருக்குன்னு சொல்லிட்டேன்.”

5

மூன்றாம் பகுதியில், கை ஓங்கி ஒன்று வைத்தேன், அத்தோடு முடிந்தது என்று எழுதினேன். அது பொய். அடித்து எழுத முதலில் நினைத்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதுதான். உங்களுக்கும் அதையே சொல்லப் பார்த்திருக்கிறேன்.

அத்தோடு முடியவில்லை. இடது காதில் ரத்தம் வந்தது. தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தவறி விழுந்துவிட்டாள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஆறிவிடும் என்றார்கள். ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பக் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தெரசம்மாள் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தாள். நடுவில் ஒரு துண்டுச் சீட்டு. தேதி, மாதம், வருஷம், பிள்ளை பெயர், எங்கள் சந்து, வீட்டு எண், கீழே என் கையெழுத்து. ஒரு எழுத்தும் போகவில்லை.

“ஏளா, நாலு மாசமா நான் நாயா அலையுதேன். இத வச்சுக்கிட்டு ஏன் பேசாம இருந்த?”

“என்னன்னு எடுத்து நீட்டச் சொல்லுதிய?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “எம் மாப்பிள்ள பிள்ளய அடிச்சுக் காதக் கெடுத்துட்டாரு, அதான் நாங்க இங்கன இருந்ததுக்குச் சாட்சின்னு நீட்டவா? ஒங்க மானம் போவாதா?”

“அதுக்குன்னு...”

“அது மட்டுமில்ல. காகிதம் தேறாட்டா ஊருக்குப் போயிருவோம்லா. போனாத்தான் என்னன்னு இருந்தேன்.”

அது எனக்குப் புதுசு. ஏழு வருஷமாக அவள் மனதில் அந்தப் பெட்டி கட்டினபடியே இருந்திருக்கிறது.

“சரி, காதுதான் அப்பவே சரியாயிட்டே” என்றேன்.

தெரசம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“எங்கன சரியாச்சு? இடது காது அவளுக்குப் பாதிதான் கேக்கும். பள்ளிக்கூடத்துல வலது காது டீச்சர் பக்கம் இருக்கணும்னு இடம் மாத்தி உக்காருதா. நீங்க பின்னால நின்னு கத்துதிய, கேக்கலைன்னு அவ என்னைக்காவது சொன்னாளா? சாரி டாடின்னுதான சொல்லுதா.”

ரோசலின் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் எங்களைப் பார்த்தபடி இருந்தது. நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தமிழை விட்டுவிட்டாள் என்றும் என்னை மதிக்கவில்லை என்றும் எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன். சூசை, உனக்கும் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். கிழித்துப் போடு.

மறுவாரம் சீட்டை எடுத்துக்கொண்டு போனோம். அதிகாரி படித்தார். சீட்டில் ‘தவறி விழுந்தது’ என்று இருக்கிறது, மகள் அடித்தது என்கிறாள், எது உண்மை என்று கேட்டார். விழுந்தது என்றால் மகள் சொன்ன கதை நிற்காது, நட்சத்திரமும் நிற்காது. அடித்தது என்றால் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரோசலின் இதை எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

“அடிச்சேன்னு சொல்லு” என்றேன்.

தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். இன்ன வருஷம், இன்ன நாள், இன்ன சந்தில், என் மகள் ரோசலினை நான் காதில் அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். பதினாறு வருஷம் இந்தத் துறைமுகத்தில் வெயிலில் நின்றது அத்தாட்சியாகச் செல்லவில்லை. குண்டு விழுந்தும் ஓடாமல் நின்றதும் செல்லவில்லை. கடைசியில் நான் இந்த நாட்டில் இருந்தேன் என்பதற்குச் சாட்சி ஐந்து வயதுப் பிள்ளையை அடித்த அடி. அதைத்தான் முத்திரை போட்டு ஏற்றுக்கொண்டார்கள். பியூன் அந்தத் தாளையும் சீட்டையும் பச்சை நட்சத்திரத்தையும் ஒன்றாக அடுக்கி, கருவியை வைத்து ஓட்டை போட்டு, நாடாவில் கோத்துக் கட்டினான். ஆரம்பத்தில் சொன்ன ஓட்டை அதுதான்.

புறப்படும்போது அதிகாரி ஒரு உதவி கேட்டார். தன் வீட்டுக்கு ஒரு நட்சத்திரம் வேண்டுமாம். மீன் வைத்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. “பாப்போம்னு சொல்லு” என்றேன். ரோசலின் என்ன சொன்னாளோ, அவர் சிரித்துக்கொண்டு எனக்குக் கை கொடுத்தார்.

பைல் இப்போது வேறு அறைக்குப் போயிருக்கிறது. புது வருஷம் பிறந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வேறு அதிகாரி. அவர் வேறு ஏதாவது கேட்பார்.

6

போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, வெள்ளைத் தாள் ஒன்றை மடித்து உட்கார்ந்தேன். அதிகாரிக்காக இல்லை. அவருக்கு வெட்டுவேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. வைரம் எட்டும் வெட்டினேன், இதழ் வெட்டினேன். ஓரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தக் கோணல் வெட்டு எனக்கு வரவில்லை. ஒரு தாள் வீணாயிற்று, இரண்டாவதும் வீணாயிற்று. வேண்டுமென்று தப்பாக வெட்ட இந்தக் கை படிக்கவில்லை.

எழுந்து போய் ரோசலினின் வலது பக்கம் நின்றுகொண்டு கூப்பிட்டேன். சத்தம் போடாமல்தான் கூப்பிட்டேன். உடனே திரும்பினாள்.

“இத எப்படி வெட்டின அன்னைக்கு? எனக்கு வர மாட்டேங்குது.”

கத்திரியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் கத்திரியை ஓரத்தில் வைத்தேன்.

“அப்படி இல்ல டாடி. இன்னும் கோணலா.”

“இப்படியா?”

“அனே, இல்ல. ரெண்டு கையாலயும் பிடிங்க. நான் அப்படித்தான் பிடிச்சேன்.”

இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். விரித்தோம். எட்டுக் கடியும் நின்றன. அவள் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தாள். ‘பாவம் மீன்’ என்றாள். அன்றைக்கு அடித்தது தப்பு என்று நான் சொன்னேன். இவ்வளவு சின்ன வார்த்தையை ஏழு வருஷத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை. ‘எனக்குத் தெரியும்’ என்றாள்.

சூசை, இந்தக் கட்டுரையோடு அந்த வெள்ளை நட்சத்திரத்தை மடித்து வைத்திருக்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் தெருவில் எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே கட்டு. ஓரத்தைக் கத்திரித்துச் சரிசெய்துவிடாதே. உச்சி வெயிலில் எல்லாரும் வந்து நிழலைப் பார்க்கட்டும், எலி கடித்ததா என்று கேட்கட்டும். யார் வெட்டியது என்று கேட்டால் என் பெயரைச் சொல். இனிமேல் எனக்குக் கடிதம் போட்டால் எட்டுக்கடி அந்தோணி என்று விலாசம் எழுது. கொழும்புத் தபால்காரன் கொண்டுவந்து தருவான், நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.